தற்போதைய பயன்பாடு

ஜனவரி 9

அன்புள்ள ஸ்கேலுக்கு,

நாங்கள் நலம். நீ, உன் பெண்டாட்டி, என் மருமகள் சுண்டெலி மூன்று பேரும் நலந்தானே? எனக்கு இடுப்புவலி இருக்கிறது. அது எப்போதும் இருப்பதால் நலத்திலேயே சேர்த்துவிட்டேன்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. போன தடவை மூன்றாவது நிமிடமே இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தோம். யார் முதலில் போனை வைத்தது என்று அதற்கு ஒரு வாரம் தனிச் சண்டை. "கடுதாசியா எழுதிக்கோங்க. அதுலயாவது ஒருத்தர் பேசி முடிச்ச பிறகு இன்னொருத்தர் பேசுவீங்க" என்று உன் மாமா சொல்லிவிட்டார். டிப்போவில் இருபது வருடம் பஸ் எஞ்சினோடு கிடக்கிற மனுஷனுக்கே நம் சத்தம் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தந்தி ஆபீஸை இடிக்கப் போகிறார்களாம்.

தந்தி போய் எத்தனையோ வருடம் ஆகியும் அதற்கு அந்தப் பெயர்தான். நகராட்சி அதைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுத்து இருபத்திரண்டு வருடம், நான் பொறுப்பில் இருப்பது பதினான்கு வருடம். இன்றைய தேதிக்கு நாற்பத்தொரு குழந்தைகள். ஆஸ்பத்திரியில் துடைக்கிறவள், தையல் கம்பெனிக்குப் போகிறவள், பஸ் கண்டக்டர் என்று அம்மாக்கள் காலை ஆறு மணிக்கே வாசலில் நிற்கிறார்கள். தந்தி வாங்குகிற கவுண்டரில், அந்தப் பித்தளைக் கம்பிக்குப் பின்னால் நின்றுதான் பால் கொடுக்கிறோம். எட்டாத வாண்டுகளுக்காக உன் மாமா கீழே ஒரு மரப்படி அடித்துக் கொடுத்தாரே, அதில் ஏறி வரிசையாக வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது டம்ளர் வேண்டுமென்றால் தொப்பியை மாற்றிக்கொண்டு வேறு ஆள் போல வருகிறார்கள்.

நேற்று கவுன்சிலர் வந்தார். "வண்டி நிறுத்த இடமில்லைன்னு ஜனங்க திட்டுறாங்கம்மா. இந்த இடத்துல ரெண்டு மாடி பார்க்கிங் வரப் போகுது" என்றார். "சரி, பிள்ளைங்கள எங்க நிறுத்துறது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நீ பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற ஆபீஸில் உட்கார்ந்து படம் வரைகிறாய். எங்கள் கட்டடமும் பழசுதான். ஏதாவது செய். நேற்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, இதையும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். சுண்டெலிக்கு முதல் பல் முளைத்துவிட்டது. நேற்றைக்கு இரண்டு மில்லிமீட்டர். சிரிக்காதே, நீ வைத்த பட்டப்பேருக்கு ஏற்ப ஸ்கேல் வைத்து உண்மையாகவே அளந்தேன். ஏழு மாதத்துக்குச் சரியான வளர்ச்சிதான் என்கிறாள் இவள். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வழி இருக்கிறது. எங்கள் துறையின் பழங்கட்டடப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பிறகு யாரும் ஓர் ஆணி அடிக்க முடியாது, இடிப்பது எங்கே. இந்த வருடம் புதிதாக நகராட்சியும் துறையும் சேர்ந்து பழுதுபார்க்க உதவித்தொகையும் தருகிறார்கள். தெருவாசிகள் பேரில் ஒரு மனு கொடுக்கச் சொல். காப்பகம் பேரில் வேண்டாம், உன் பேரில் வேண்டவே வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். என் ஆபீஸ் முகவரிக்கும் எழுதாதே.

மனு வந்ததும் ஓர் அதிகாரி பார்வையிட வருவார். அவருக்குக் கட்டடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டிலும் கொடியில் தொங்கும் சட்டையும் மறைத்துக்கொண்டிருந்தால் வளைவு, தரை, கவுண்டர் எதுவும் தெரியாது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வை.

மாமாவைக் கேட்டதாகச் சொல். இடுப்புக்கு டாக்டரிடம் போ.

உன் தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள ஸ்கேலுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் இதைக் கேள்.

அதிகாரி வந்து போயாயிற்று. 'கொஞ்சம் ஒதுக்கி வை' என்று எழுதியிருந்தாய். உன் அக்காவுக்கு எதையாவது கொஞ்சமாகச் செய்யத் தெரியுமா? முதல் நாள் சாயங்காலமே உன் மாமா டிப்போ வண்டியைக் கொண்டுவந்தார். தொட்டில், பாய், குட்டி நாற்காலி, பொம்மைப் பெட்டி, பால் சட்டி எல்லாவற்றையும் ஏற்றி, தொழிலாளர் சங்க மண்டபத்தில் இறக்கிவிட்டோம். அம்மாக்களிடம் ஒரு நாள் லீவு என்று சொல்லிவிட்டேன். சுவரில் இருந்த யானையையும் வாத்தையும் நானும் ஆயாவும் சேர்ந்து சுரண்டி எடுத்தோம். வாத்து லேசில் போகவில்லை. தரையைத் தேய்த்த பிறகு அதில் கறுப்பும் சிவப்பும் கட்டம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. படியை மட்டும் விட்டுவிட்டேன். உன் மாமா அடித்த ஆணியை உன் மாமாவாலேயே பிடுங்க முடியவில்லை.

வந்தது ஒரு அம்மாள். கண்ணாடி, கையில் டார்ச். கவுண்டரைத் தடவித் தடவிப் பார்த்தார், ஏராளமாக போட்டோ எடுத்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, "நீங்க யாரும்மா?" என்றார். என் பேர் வரவே கூடாது என்று நீ எழுதியது ஞாபகத்துக்கு வந்தது. "சாவி வச்சிருக்கேங்க" என்றேன். "உள்ள யாரும் இருக்காங்களா?" என்றார். "யாரும் இல்லைங்க" என்றேன். அன்றைக்கு யாரும் இல்லையே, பொய் ஒன்றும் இல்லை.

அந்த அம்மாள் போன பிறகு காலியான ஹாலில் ஐந்து நிமிடம் நின்றேன். பதினான்கு வருடத்தில் அந்த இடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி வந்துவிட்டோம்.

எங்கள் உடம்புக்குக் குறையில்லை. சுண்டெலிக்கு முத்தம். பல் இப்போது எத்தனை மில்லிமீட்டர்?

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறு மட்டும் கொஞ்சம் சரியில்லை, வெளிச்சாப்பாடு காரணமாக இருக்கலாம்.

நல்ல செய்தி. தந்தி ஆபீஸ் பட்டியலில் ஏறிவிட்டது. உதவித்தொகையும் உண்டு. இனி அதை இடிக்க எவனாலும் முடியாது. மாமாவிடம் சொல். ஆயாவிடமும் சொல்.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். பல் நான்கு மில்லிமீட்டர். பக்கத்தில் இன்னொன்று தலைகாட்டுகிறது.

உன் தம்பி


மார்ச் 22

அன்புள்ள ஸ்கேலுக்கு,

உன் வயிறு எப்படி இருக்கிறது? மோர் குடி. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று ஆயா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு டம்ளர் பால், தொப்பி மாற்றாமலேயே. அந்தச் சந்தோஷம் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நேற்று நகராட்சியிலிருந்து வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். 'தற்போதைய பயன்பாடு: காலி. உதவித்தொகையைக் கொண்டு தந்தி அருங்காட்சியகம் அமைக்கப்படும். கட்டடத்தில் உள்ள பொருட்கள் ஜூன் 30க்குள் அகற்றப்பட வேண்டும்.' நாற்பத்தொரு குழந்தைகளும் பொருட்களாம். கவுன்சிலரைப் பார்த்தேன். அவருக்கு இதில் நஷ்டம் இல்லை. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களுக்காக வாசலில் பார்க்கிங் போடுகிறார்கள்.

கட்டடம் பிழைத்தது, நாங்கள் வெளியே. இதற்கா நான் வாத்தைச் சுரண்டினேன்?

நகராட்சி குமாஸ்தாவைக் கேட்டால், "பட்டியல்ல அப்படித்தாம்மா இருக்கு. காலிக் கட்டடம்னாதான் இந்த மாதிரி மாத்த முடியும். ஏற்கெனவே ஏதாவது நடந்துக்கிட்டு இருந்தா, அதைத்தான் தொடரணும்னு விதியே இருக்கு" என்கிறார். அப்படியென்றால் ஒரே ஒரு சொல்தான் எங்களை வெளியே தள்ளுகிறது. 'காலி' என்று எழுதிய மடையன் எவன் என்று உன் ஆபீஸில் விசாரித்துச் சொல். அவன் கையை முறிக்க வேண்டாம், நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டால் போதும்.

உடனே பதில் போடு.

உன் அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. சுண்டெலிக்கு உடம்பு சரியில்லையோ என்று உன் மாமா கேட்கிறார். எனக்கும் அந்த பயம் இருந்தது, இன்று வரை.

இதற்குள் நகராட்சிக்கு ஆறு தடவை நடந்துவிட்டேன். வீட்டில் இருந்தால் ஏதாவது ஒன்றைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைத்துக்கொண்டே இருக்கிறேன். "உக்காரு, இல்லைன்னா என்னையும் தூக்கி வேற இடத்துல வச்சிருவே" என்கிறார் உன் மாமா.

இன்று அந்தக் குமாஸ்தா மனமிரங்கி, உங்கள் துறையிலிருந்து வந்த வரைபடத்தின் நகலைக் காட்டினார். பெரிய ஹால், காலி. பின்னறை, காலி. மாடி, காலி. கீழே ஒரு குறிப்பு: 'சாவி வைத்திருப்பவரின் கூற்றுப்படி உள்ளே யாரும் இல்லை.' என் வாயால் நானே சொன்னது. அதைப் படித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு படத்தைப் பார்த்தேன். அழகான படம். எழுத்து பொடிப்பொடியாக, எறும்பு வரிசை மாதிரி. கவுண்டரின் பித்தளைக் கம்பி பத்தொன்பதையும் ஒன்று விடாமல் வரைந்திருக்கிறார்கள். இப்படி எண்ணி எண்ணி வரைகிறவன் உலகத்தில் எத்தனை பேர் இருப்பான்? ஆனால் கம்பிக்குக் கீழே இருக்கிற மரப்படி மட்டும் படத்தில் இல்லை. போட்டோவில் கட்டாயம் விழுந்திருக்கும். பெரியவர்களுக்கு எதற்கு அவ்வளவு குட்டைப் படி என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அதனால் விட்டுவிட்டார்களோ என்னவோ.

நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆபீஸில் எல்லோருக்கும் புது நாற்காலி போட்டிருக்கிறார்கள், எனக்கு அது இரண்டு அங்குலம் உயரம் அதிகம். வயிறு இன்னும் அப்படியேதான்.

நீ கேட்ட விஷயம். பயன்பாடு என்ற கட்டத்தைப் பார்வையிட்ட அதிகாரியின் குறிப்பை வைத்துத்தான் நிரப்புவார்கள். ஒரு தடவை அரசாணை வந்துவிட்டால் மாற்றுவது எளிதில்லை. உங்கள் டிப்போவில் ஒரு பெரிய ஷெட் சும்மா கிடப்பதாக மாமா ஒருமுறை சொன்னாரே. தற்காலிகமாக அங்கே நடத்தலாமா என்று பார். நிர்வாகம் சம்மதிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு ஜூன் மாதம் வேலை நிரந்தரமாகும் என்கிறார்கள். ஆறு வருடத் தற்காலிகம் முடிகிறது. அதற்குள் எந்தப் பேச்சும் எழாமல் இருந்தால் நல்லது.

ஜூலையிலிருந்து இவளும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக வேண்டும். சுண்டெலியைத் தூக்கிக்கொண்டு நான்கு காப்பகம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் பேர் எழுதிவிட்டுப் போகச் சொல்கிறார்கள், ஒரு வருடம் ஆகுமாம். அதற்குள் அவள் பள்ளிக்கூடத்துக்கே நடந்து போய்விடுவாள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்படி எழுத முடிகிறதே என்று இன்றைக்குத்தான் நிம்மதி.

உன் பேச்சைக் கேட்டு ஷெட்டைப் பார்க்கப் போனோம். நான், ஆயா, ஐந்து அம்மாக்கள், கூடவே பட்டாணி. பட்டாணிக்கு மூன்று வயது. யாரோடும் இருக்க மாட்டாள், என் புடவையைப் பிடித்துக்கொண்டே வருவாள். தகரக் கூரை, அடுப்பு மாதிரி சூடு. தரையெல்லாம் எண்ணெய். நடுவில் மெக்கானிக்குகள் இறங்கி வேலை பார்க்கிற பள்ளம். வாசலுக்கு நேர் எதிரே பஸ்கள் பின்னால் வந்து திரும்புகிற இடம்.

புடவையிலிருந்து பட்டாணி எப்போது கையை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவள் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வெயிலுக்கு ஓடுகிறாள், ஒரு பஸ் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. எனக்குச் சத்தமே வரவில்லை. போனில் உன்னிடம் அந்தக் கத்து கத்துகிறேனே, அது எங்கே போயிற்றோ. உன் மாமா எங்கிருந்து வந்தாரோ, ஒரு கையால் அவளை அள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் பஸ்ஸின் முதுகை அடித்துக்கொண்டே, "நிறுத்துடா! நிறுத்துடா!" என்று கத்தினார்.

ஒன்றும் ஆகவில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு துடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து வழக்கம்போல் தூக்கிக்கொண்டு போனாள். அவளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "நீங்க இருந்தீங்கல்லக்கா" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நான்கு காப்பகம் ஏறி இறங்கியதாக எழுதியிருந்தாய். ஜூன் 30க்குப் பிறகு இங்கே நாற்பத்தொரு பேர் உன்னைப் போலவே ஏறி இறங்குவார்கள். அவர்களில் பாதிப் பேர் வேலையை விட வேண்டியிருக்கும்.

யார் எழுதினார்கள் என்று இனி நான் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று சொல். எழுதியவன் மனசு வைத்தால் அதை மாற்றி எழுத முடியுமா, முடியாதா?

உன் அக்கா


மே 18

அக்கா,

நான் நலமாக இல்லை. நலம் என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டது.

நான்தான் எழுதினேன். உனக்கு ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும்.

மனு வந்ததும் கோப்பு என் மேஜைக்கே வந்தது. அதோடு ஓர் உறுதிமொழித் தாளும் இருக்கும்: 'இதில் சம்பந்தப்பட்டவர் எவரும் எனக்கு உறவினர் அல்ல.' கையெழுத்துப் போட்டேன். மறுத்திருந்தால் கோப்பு வேறு ஆளிடம் போயிருக்கும், அவன் ஒரு வருடம் தூங்க வைத்திருப்பான், அதற்குள் இடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஜூன் மாதத்துக்கு முன்னால் என் பேரில் ஒரு கீறலும் விழக் கூடாது என்பது மீதி.

பிறகு போட்டோக்கள் வந்தன. ஹாலில் ஒரு பாய்கூட இல்லை. ஆனால் எங்கே தொட்டில் தொங்கும், எங்கே வாண்டுகள் தூங்குவார்கள், எனக்குத் தெரியாதா? 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதினால் பொறுப்பாளர் பெயர் வேண்டும். உன் பெயரும் முகவரியும் வரும். என் பணிப்பதிவேட்டில் சொந்த ஊர் முகவரியும் அதுதான். பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'காலி' என்று எழுதினேன். எழுதிய பிறகு படியை அழித்தேன். கட்டடத்தைக் காப்பாற்றினால் உன்னையும் காப்பாற்றியதாகிவிடும் என்று நினைத்தேன். அந்தக் கட்டத்தை வைத்து அருங்காட்சியகம் போடுவார்கள் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

உன் போன கடிதத்தைப் படித்ததிலிருந்து சுண்டெலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். "நடந்து நடந்து தரை தேயப் போகுது. போய்ச் சொல்லிட்டு வாங்க. என்ன ஆனாலும் பாத்துக்கலாம்" என்கிறாள் இவள். நாளைக் காலை அந்த அதிகாரி அம்மாளைப் போய்ப் பார்க்கிறேன். படியோடு சரியான படம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன்.

எனக்கு பயமாக இருக்கிறது, அக்கா. திட்டுவதாக இருந்தால் பிறகு திட்டு.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள ஸ்கேலுக்கு,

நலம். உன் வயிறு சரியாகிவிட்டதா?

திட்டுவதைத் தள்ளி வைத்திருக்கிறேன், சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போன மாதக் கடைசியில் காலை பதினோரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அந்த அம்மாள் வந்து நின்றார். பால் நேரம். கவுண்டர் முன்னால் வரிசை. படி மேல் ஒருவன், அவனைத் தள்ளுகிறவள் ஒருத்தி, தொப்பியை மாற்றுகிறவன் ஒருவன். பின்னறையில் ஆறு பேர் ஒரே சுருதியில் அழுகிறார்கள்.

"அன்னிக்கு யாரும் இல்லைன்னு சொன்னீங்களேம்மா?" என்றார்.

"அன்னிக்கு யாரும் இல்லைங்க."

"ஏன் இல்லை?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

அவர் சிரிக்கவில்லை. "இப்ப சொல்லுங்க, நீங்க யாரு?" என்றார். "இதுங்களைப் பாத்துக்கிறவ. அந்தப் படம் வரைஞ்சவனோட அக்கா" என்றேன். முதல் தடவையே இப்படிச் சொல்லியிருந்தால் என்ன என்று தோன்றியது. நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. நீ கொஞ்சம் ஒதுக்கச் சொன்னாய், நான் ஊரையே காலி செய்தேன்.

உட்கார எதுவும் இல்லை. ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து எழுதினார். நாற்பத்தொரு தலையையும் அவரே எண்ணினார். பட்டாணி போய் அவர் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள், அதையும் பொறுத்துக்கொண்டார்.

மூன்று நாள் முன்னால் திருத்திய ஆணை வந்தது. 'தற்போதைய பயன்பாடு: குழந்தைகள் காப்பகம். இது தொடர வேண்டும்.' உதவித்தொகையில் கூரையும் கழிப்பறையும் சரி செய்யப் போகிறார்கள். வாசலில் பார்க்கிங்கும் இல்லை. கவுன்சிலர் வந்து தானே போராடி வாங்கியது போல் குழந்தைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு நேற்று ஒரு நாற்காலியில் முழுசாக அரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

உன் வேலை என்ன ஆயிற்று? அதை முதலில் எழுது.

உன் அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். வயிறு சரியாகிவிட்டது. ஆணை வந்த செய்தி படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. கடிதத்தை இவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், டார்ச் இடம் வந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆபீஸ் வழக்கம்போல் போகிறது. கொஞ்சம் கண்டித்தார்கள், அவ்வளவுதான். கவலைப்படாதே. நாற்காலியும் பழகிவிட்டது.

சுண்டெலி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டடி நாலரை அங்குலம்.

உன் தம்பி


ஜூலை 1

அன்புள்ள ஸ்கேலுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் நலத்தை இந்தத் தடவை விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் நலம் என்றுதான் எழுதுவாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் அந்த அதிகாரி அம்மாளுக்கு நன்றி சொல்ல உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தேன். அப்படியே என் தம்பியிடமும் கொடுங்கள் என்றேன். எடுத்த பையன், "அவரா? அவரு மே மாசத்தோடயே நின்னுட்டாருங்களே. உறுதிமொழித் தாள்ல பொய் எழுதிட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு, வேலையை விட்டே எடுத்துட்டாங்க" என்றான். அப்புறம், "உங்களுக்குத் தெரியாதா?" என்றான். தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த நாற்காலி பழகிவிட்டது என்று எழுதினாயே, எந்த நாற்காலிடா? தினமும் காலையில் எங்கே போய் உட்கார்ந்திருந்தாய்?

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயா பார்த்துவிட்டாள், அதனால் வெங்காயத்தின் மேல் பழி போட வேண்டியதாயிற்று. உனக்கு ஆறு வருடம் போயிற்று. அப்படி இருந்தும் என் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டியிருக்கிறாய். இரண்டு பொய் சொல்லியிருக்கிறாய். முதல் பொய்க்கு நானும் கூட்டு, அதனால் அதை விட்டுவிட்டேன். இரண்டாவது பொய்யை என்னிடம் சொன்னதற்கு உன்னை விடுவதாக இல்லை. நேரில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உன் மாமா சனிக்கிழமை அங்கே வருகிறார், பெட்டி தூக்க. மூன்று பேரும் இங்கேயே வந்துவிடுவது என்று உன் பெண்டாட்டியிடம் பேசிவிட்டேன். பட்டாணியின் அம்மா தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டாள், நர்ஸுக்கு இடம் இருக்கிறதாம். இங்கே கூரையைப் பிரித்து வேலை செய்யப் போகிறார்கள், கட்டடத்தை அளக்கவும் வரையவும் ஆள் வேண்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. நீயே வந்து பேசு. யாருடைய தம்பி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு.

சுண்டெலியின் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன், நாற்பத்திரண்டாவது பெயர். அம்மாவின் தொழில், நர்ஸ். அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'கட்டடப் படம் வரைபவர்' என்று எழுதியிருக்கிறேன். இன்றைய தேதிக்கு அது பொய்தானே என்று குதிக்காதே. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பேன். வந்து அதை உண்மையாக்கு.

உன் அக்கா